ஐம்பத்தொன்றாம் பக்கத்து முத்திரை

திருச்சுழி தாலுகா ஆபீஸுக்கு எதிர்வரிசையில் இனாயத்துல்லா பாயின் ஜெராக்ஸ் கடை. கடை என்னவோ எட்டுக்குப் பத்துதான். ஆனால் வாசலில் சாய்த்து வைத்திருக்கும் கரும்பலகை இருக்கிறதே, அதற்குத் தாலுகா முழுக்கப் பேர். தினமும் காலை எட்டரை மணிக்கு அதில் ஒரு இங்கிலீஷ் வார்த்தை ஏறிவிடும். கீழே தமிழில் அர்த்தம். அதற்கும் கீழே, அந்த வார்த்தை எந்த ஊரில் பிறந்து எப்படி வந்து சேர்ந்தது என்ற கதை.

பஞ்சாயத்துத் தேர்தல் சமயத்தில் 'கேண்டிடேட்' என்று எழுதிவிட்டார். அந்தக் காலத்து ரோமாபுரியில் பதவிக்கு நிற்கிறவன் சுண்ணாம்பு தேய்த்து வெளுத்த அங்கியைப் போட்டுக்கொண்டு வருவானாம். வெள்ளை என்ற வார்த்தையிலிருந்துதான் கேண்டிடேட்டே வந்ததாம். அன்றைக்கு மொடமொட வேட்டியில் வந்த ஒருவர் பலகையை இரண்டு தரம் படித்துவிட்டு, "யாரக் குத்துறீக பாய்?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். இன்னொரு நாள் 'மஸில்'. லத்தீனில் சுண்டெலி என்று அர்த்தம், புஜம் புடைத்தால் தோலுக்கடியில் எலி ஓடுகிற மாதிரி இருப்பதால் வந்த பேர். ஜிம்முக்குப் போகிற பையன்கள் ஒரு வாரம் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

"எங்க பாய் இவ்வளவு படிச்சீக?" என்று யாராவது கேட்டால், "எல்லாம் தம்மாம்ல படிச்சதுதான்" என்பார். இருபத்தாறு வருசம் சவூதியில் இருந்த மனிதர், யார் சந்தேகப்படப்போகிறார்கள்? ஆனால் அது பச்சைப் பொய். அவ்வளவு வார்த்தையும் ஒரே ஒரு புத்தகத்திலிருந்து வந்தது. அந்தப் புத்தகம் அவருடையது இல்லை. திருடியது.

அட, சும்மா திருட்டா அது? கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் திருச்சுழி கடைத்தெருவில் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய வாசகசாலை ஒன்று இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கடை. வாசகசாலையைப் பார்த்துக்கொண்டவர் ஐயாத்துரை, அப்போது இருபத்தாறு வயசு. புத்தகத்துக்கு அட்டை போடுவது, எண் எழுதுவது, முத்திரை குத்துவது எல்லாம் அவர் வேலை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். சம்பளம் சொற்பம்தான், ஆனால் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தெருவில் போகிறவர்கள் வணக்கம் வைத்துவிட்டுப் போவார்கள்.

இனாயத்துல்லாவுக்கு இருபத்துமூன்று. மதுரையில் நடந்த சவூதி வேலைக்கான நேர்முகத்தில் இரண்டு தரம் இங்கிலீஷ் வராமல் விழித்துவிட்டுத் திரும்பியிருந்தார். வாசகசாலை அலமாரியில் கல்லு மாதிரி ஒரு அகராதி இருந்தது. வார்த்தையின் பிறப்பு வளர்ப்பு எல்லாம் போட்ட பெரிய அகராதி. "இது வீட்டுக்குக் குடுக்கிற புஸ்தகம் இல்ல தம்பி, இங்கயே உக்காந்து படிச்சுக்கங்க" என்றார் ஐயாத்துரை. பையனின் ஆர்வத்தைப் பார்த்துவிட்டு, மதியம் தான் சாப்பிடப் போகும் நேரத்தில் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். "படிங்க, நான் சாப்ட்டுட்டு வாரேன்" என்று. ஆறு மாசம் இப்படி நடந்தது. மூன்றாம் தரம் போன நேர்முகத்தில் இனாயத்துல்லா தேறினார்.

விமானம் ஏற ஒன்பது நாள் இருக்கும்போது, அதே மதிய நேரத்தில், அதே சாவியை வைத்துக்கொண்டு, அந்த அகராதியைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். போகிற இடத்தில் இங்கிலீஷ் வராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். அடுத்த லீவில் வரும்போது வைத்துவிடலாம் என்று நினைத்தார். எல்லாத் திருடனும் நினைப்பதுதான்.

மூன்றாம் நாளே கமிட்டிக்காரர்கள் புத்தகங்களைச் சரிபார்க்க வந்துவிட்டார்கள். அகராதி இல்லை. ஐயாத்துரைக்குக் கை கால் ஓடவில்லை. சாவி கொடுத்த விஷயத்தை வெளியே சொன்னால் அதற்கும் சேர்த்துத் திட்டு விழும், சொல்லவும் இல்லை. வாசகசாலைக்கு வந்துபோன வீடுகளாகப் பார்த்து ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். இனாயத்துல்லா வீட்டுக்கும் வந்தார். அம்மா மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள். "தம்பி ஞாபகமறதியா எடுத்துட்டு வந்துருச்சோன்னு கேக்கலாம்னு வந்தேன்" என்ற குரல், உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த இனாயத்துல்லாவுக்குத் தெளிவாகக் கேட்டது. புத்தகம் காலடியில் சூட்கேஸுக்குள் இருந்தது. "அவன் மதுரைக்குப் போயிருக்கானே" என்றார்கள் அம்மா, மகன் சொல்லச் சொன்னபடி. மோர்ச் செம்பைத் தரையில் வைத்த சத்தம்கூட அவருக்கு இன்னும் காதில் இருக்கிறது.

ஐயாத்துரையை வேலையை விட்டு நீக்கினார்கள். டிக்சனரியை விற்றுத் தின்றுவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. பேச்சு பட்டப்பெயராகச் சுருங்கியது: 'டிக்சனரி'. அவ்வளவுதான், அவர் டிக்சனரி ஐயாத்துரை. அவர் வீடு டிக்சனரி வீடு. பருத்தி மண்டியில் லோடு ஏற்றப் போனார். பத்து வருசத்தில் முதுகு போயிற்று. பொண்ணு கேட்டுப் போன இடத்திலெல்லாம் "அந்தப் புஸ்தகக் கள்ளனா?" என்றார்கள். கல்யாணம் ஆகவே முப்பத்தைந்து வயசாயிற்று.

இதையெல்லாம் இனாயத்துல்லா தம்மாமில் இருந்தபடி அம்மாவின் கடிதங்களில் துண்டு துண்டாகப் படித்தார். முத்திரை குத்திய முன்பக்கத்தை ஊரிலேயே கிழித்துவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். ஆனால் இரண்டாவது வருசம் ஏதோ ஒரு வார்த்தையைத் தேடிப் புரட்டியபோது ஐம்பத்தொன்றாம் பக்கத்தில் ஊதா மை முத்திரை. பக்கத்தில் ஐயாத்துரையின் கையெழுத்தில் '212'. வாசகசாலைக்காரர்கள் யாருக்கும் சொல்லாமல் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் ரகசியமாக ஒரு முத்திரை குத்திவைப்பார்கள் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். அந்தப் பக்கத்தைக் கிழிக்கக் கையைக் கொண்டுபோனார், கிழிக்க முடியவில்லை. ஒரு மாசம் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு தொட்டார். வெட்கமும் பழகிப்போகும் போல.

லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அவரே தன்னை ஆயிரம் தரம் கேட்டுக்கொண்டதுதான். கொடுத்தால் திருடன் யார் என்று ஊருக்குத் தெரிந்துபோகும். கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம், பிறகு பிள்ளைகள் பிறந்த நேரம், பிறகு தங்கச்சி கல்யாணம். எப்போதும் ஏதாவது ஒரு நேரம்.

ஊரோடு வந்து கடை போட்டதும் பலகை வைத்தார். ஏன் வைத்தார்? படித்ததை ஊருக்குக் கொடுத்தால் பாவம் கொஞ்சம் கரையும் என்று ஒரு கணக்கு. ஆனால் வந்து வாய்த்தது என்ன தெரியுமா? பலகைக்கு நேர் எதிரே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்க வந்து உட்கார்ந்தார் ஐயாத்துரை. தினமும் பலகையை முதலில் படிக்கிறவர் அவர்தான். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்துவிட்டு, "பாய், இன்னைக்கு அருமை!" என்பார். இனாயத்துல்லா சாக்பீஸ் டப்பாவை மூடுகிற சாக்கில் குனிந்துகொள்வார்.

ஐயாத்துரையின் மகள் சுகப்பிரியா ஆறாம் வகுப்பில் இருந்தபோது தோழியிடமிருந்து ஒரு சின்ன அகராதியை இரவல் வாங்கி வந்தாளாம். "அந்தப் பொருளு நம்ம வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அன்று சாயங்காலமே திருப்பிக் கொடுக்கவைத்தாராம் அப்பா. டிக்சனரி வீட்டில் டிக்சனரி கிடையாது. அந்தப் பிள்ளை பலகையைப் பார்த்து நோட்டில் எழுதி எழுதிப் படித்து, இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். வேலை கிடைத்த அன்று லட்டு டப்பாவோடு கடைக்கு வந்து, "எல்லாம் உங்க போர்டாலதான் மாமா" என்றாள். லட்டை வாயில் போட்டுக்கொண்டு அவர் நின்ற நிலையை என்னவென்று சொல்ல! விழுங்க முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றார்.

போன வருசம் ஹஜ்ஜுக்குக் குலுக்கலில் அவருக்கும் மனைவி ஷம்சாத் பேகத்துக்கும் பேர் வந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் கிளம்புமுன் தெரிந்தவர், பழகியவர் எல்லாரிடமும் நேரில் போய் மாப்புக் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். மனுசனுக்கு மனுசன் செய்த தப்பை, பாதிக்கப்பட்டவன் பொறுத்தால் ஒழிய அல்லாஹ் பொறுப்பதில்லை என்று பள்ளிவாசலில் சொல்லிக்கொடுத்தது. புருசனும் பெண்டாட்டியுமாகப் பாலவனத்தம் வரை போய்ச் சொந்தபந்தம் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினார்கள். "தெரிஞ்சோ தெரியாமலோ எதுவும் தப்பு செஞ்சிருந்தா மாப்பு செஞ்சிருங்க." எழுபது வீட்டில் சொன்னார். எந்த வீட்டிலும் நாக்குத் தடுமாறவில்லை, அங்கெல்லாம் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டவர் மாதிரி நின்றபடியே, "அண்ணே, ஹஜ்ஜுக்குப் போறேன். தெரிஞ்சோ தெரியாமலோ... எதுவும்னா... ஸாரிண்ணே" என்றார்.

ஐயாத்துரை டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கிட்ட என்ன பாய்! அப்படி ஒண்ணு இருந்தாலும் எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன். நல்லபடியாப் போயிட்டு வாங்க, எங்க பிள்ளைக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்றார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஆமா பாய், நாளு முழுக்க ஸாரி ஸாரிங்கிறமே, அந்த வார்த்தைக்கு என்ன கதை? பத்து வருசமா அத மட்டும் நீங்க எழுதவே இல்லையே?" என்று கேட்டார்.

"எழுதிருவோம்ணே" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

வீட்டில் அகராதியைப் புரட்டினார். பழைய இங்கிலீஷில் 'ஸார்' என்றால் புண், வலி. அதிலிருந்து வந்ததுதான் ஸாரி. வலி நிறைந்தவன் என்று அர்த்தம். மன்னித்துக்கொள் என்ற பொருளே அந்த வார்த்தைக்குள் முதலில் கிடையாதாம். 'எனக்கு வலிக்கிறது' என்பது மட்டும்தானாம்.

புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்மாமில் வேலை பார்த்த கடையில் ஒரு நாளைக்கு நூறு தரம் சொன்ன வார்த்தை. தனக்கு எங்கே வலித்தது? வலித்ததெல்லாம் மூட்டை தூக்கின அந்த முதுகுக்கு. வலியையும் அவருக்குக் கொடுத்துவிட்டு, வலிக்கிறது என்ற வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு பதிலாகப் பொறுத்துக்கிட்டேன் என்று வேறு வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். புத்தகத்தைத் திருடிய மாதிரியே மாப்பையும் திருடிக்கொண்டு வந்தாயிற்று.

ஷம்சாத் பேகத்தைக் கூப்பிட்டு முழுசாகச் சொன்னார். அந்த அம்மா கடைசிவரை கேட்டார். பிறகு, "வருசா வருசம் இதுக்கு அட்டை போட்டுக் குடுத்தேனே, பாவி மனுசா" என்றார். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருசத்தில் புருசனை அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "அவுக பொறுக்காம நீங்க அங்க போய் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பீக? எடுத்துட்டுப் போங்க. போய்க் குடுத்துட்டுச் சொல்லுங்க."

மறுநாள் காலை, பலகையில் ஒன்றும் எழுதாமல், அகராதியை மார்போடு அணைத்துக்கொண்டு சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார். தாலுகா ஆபீஸ் கூட்டம் இன்னும் சேரவில்லை. புத்தகத்தை ஐயாத்துரையின் ஸ்டூலில் வைத்தார்.

"நாந்தாண்ணே எடுத்தேன். நீங்க சாவி குடுத்துட்டுச் சாப்பிடப் போன நேரம்."

ஐயாத்துரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் தடவினார். முன்பக்கம் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு எச்சில் தொடாமல், வாசகசாலைக்காரர் மாதிரியே, விரல் நுனியால் பக்கங்களைத் தள்ளி நேராக ஐம்பத்தொன்றாம் பக்கத்தை விரித்தார். 212 மேல் விரலை வைத்தார்.

"அம்பத்தொண்ணாம் பக்கத்துல முத்திரை இருக்கு, எங்க கெடந்தாலும் கண்டுபிடிச்சுரலாம்னு கமிட்டிக்காரவுககிட்ட கும்பிட்டுச் சொன்னேன்" என்றார். "வித்தவனுக்கு எந்தப் பக்கம்னா என்னன்னு கேட்டுச் சிரிச்சாக. உங்க வீட்டுக்குக்கூட வந்தேன். உங்க அம்மா மோரு குடுத்தாக."

"நான் வீட்டுக்குள்ளதாண்ணே இருந்தேன்."

அதைக் கேட்டதும்தான் ஐயாத்துரை நிமிர்ந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "உள்ளயா இருந்த?" என்றார். முப்பத்தேழு வருசத்தில் முதல் முறையாக 'நீங்க' போய்விட்டது. இனாயத்துல்லா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். ஓங்கி ஒரு அறை விட்டால்கூடத் தேவலை என்று இருந்தது. அறை விழவில்லை.

"நேத்து பொறுத்துக்கிட்டேன்னு சொன்னீக. அது செல்லாதுண்ணே. என்னன்னு தெரியாமச் சொன்னீக. அதான் வந்தேன்."

"ஆமா, செல்லாது" என்றார் ஐயாத்துரை. யாரோ வண்டியை நிறுத்திவிட்டு டோக்கன் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தார். அப்போதும் கையெழுத்து முத்து முத்தாகத்தான் வந்தது. "முப்பத்தேழு வருசம் எடுத்துக்கிட்டீக பாய், வந்து சொல்றதுக்கு. எனக்கு யோசிக்க நாப்பது நாளு வேணாமா? போயிட்டு வாங்க. வந்தப்புறம் சொல்றேன்."

"பொறுக்கலைன்னா நான் போயி..."

"அது உங்க பாடு" என்றார் ஐயாத்துரை. "போறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க. அந்தப் போர்டுல எழுதுங்க. என் பேரு ஊரெல்லாம் கெட்டுச்சுல்ல? ஊரு படிக்கட்டும்."

எழுதினார். ஜனம் நடமாடும் பத்து மணிக்கு, எல்லாரும் பார்க்க, பலகையின் மேல்பாதியில் பெரிய எழுத்தில் எழுதினார்: 'வாசகசாலை டிக்சனரியை எடுத்தவன் நான். ஐயாத்துரை அல்ல. இனாயத்துல்லா.' சாக்பீஸ் மூன்று தரம் ஒடிந்தது. மனு எழுத வந்தவர்கள், ஜிம் பையன்கள், டீக்கடைக்காரர் எல்லாரும் கூடிவிட்டார்கள். "என்ன பாய் இது, நீங்களா?" என்றார் ஒருவர். "ஏலே, அப்ப டிக்சனரின்னா அறிவாளின்னு அர்த்தம் இல்லையா?" என்றான் ஒரு பையன். இத்தனை நாள் இளவட்டங்கள் அதைப் பெருமையான பட்டம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தார்கள்! அதையும் கெடுத்தாயிற்றே என்று இனாயத்துல்லாவுக்குப் பதறிவிட்டது. எதிர்ப்பக்கம் பார்த்தார். ஐயாத்துரை, "தெரியட்டும்" என்பதுபோலக் கையை ஆட்டினார்.

வழியனுப்ப வருவதாகச் சொன்ன எழுபது வீட்டில் பாதிக்கு மேல் வரவில்லை.

மக்காவை அடுத்த அரஃபாத் மைதானத்தில் லட்சம் லட்சமாய் ஜனம் கையேந்தி அழுதது. தத்தம் பாவமெல்லாம் கரைகிறது என்று அழுதார்கள். இனாயத்துல்லாவும் கையேந்தினார். திருச்சுழி சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி அவர் கேட்டதெல்லாம் போகுமா என்று அவருக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு கேட்டார், வெட்கத்தோடு கையை இறக்கினார்.

நாற்பத்திரண்டாம் நாள் மொட்டைத் தலையோடு திருச்சுழியில் இறங்கினார். "வாங்க ஹாஜியார்" என்று ஒருவர் கூப்பிட்டது சுருக்கென்றது. வீட்டுக்குப் போகவில்லை. மனைவியை ஆட்டோவில் அனுப்பிவிட்டு, மக்காவிலிருந்து கொண்டுவந்த ஜம்ஜம் தண்ணீர் கேனோடு நேரே கடைக்குப் போனார். பலகையில் அந்த எழுத்து அப்படியே பளிச்சென்று இருந்தது. நாற்பது நாள் வெயிலிலும் காற்றிலும் சாக்பீஸ் எழுத்து எப்படி நிற்கும்? கிட்டப் போய்ப் பார்த்தார். அவருடைய கோணல் எழுத்தின் மேலேயே தினமும் காலையில் யாரோ பொறுமையாக மறுபடி மறுபடி எழுதியிருந்தார்கள். யாரோ என்ன யாரோ!

ஸ்டாண்டில் ஐயாத்துரை உட்கார்ந்திருந்தார். ஸ்டூலில் புது அட்டை போட்ட அகராதி. கிழிந்த முன்பக்கத்துக்குப் பதிலாக வெள்ளைத் தாள் ஒட்டி, 212 என்று எழுதியிருந்தார். பக்கத்தில் ஒரு நீளநோட்டு.

"மாப்பு கீப்புன்னு உங்க வார்த்தையெல்லாம் எனக்கு வாயில வராது" என்றார். "வேலை பாத்தப்ப என்ன செஞ்சேனோ அதத்தான் செய்ய வரும். இதுல எழுதுங்க."

நோட்டில் கோடு போட்டு, கட்டம் கட்டி வைத்திருந்தார். நூல் எண் 212. எடுத்தவர் பெயர். எடுத்த தேதி. திருப்பிய தேதி. கையொப்பம்.

இனாயத்துல்லா பேனாவை வாங்கினார். பெயரை எழுதினார். எடுத்த தேதி அவருக்கு யோசிக்காமலே வந்தது, மறந்தால்தானே. 1988 ஆகஸ்ட் 17. திருப்பிய தேதி என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கண்ணீர் கட்டத்தின் மேல் விழுந்துவிடக்கூடாதே என்று தலையை ஒதுக்கிக்கொண்டார்.

"ம், போடுங்க" என்றார் ஐயாத்துரை. போட்டதும் நோட்டைத் திருப்பி இரண்டு தேதியையும் படித்தார். "ரொம்ப லேட்டு பாய்" என்றார். பிறகு கடைசிக் கட்டத்தில் 'வந்து சேர்ந்தது' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். போட்டுவிட்டு, தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்றை எடுத்து இனாயத்துல்லாவின் கையில் வைத்தார்.

"போயி அழிங்க. நாப்பது நாளு படிச்சாச்சு, போதும். அழிச்சிட்டு ஸாரி எழுதுங்க, அன்னைக்குக் கேட்டேன்ல."

இனாயத்துல்லா பழக்கதோஷத்தில் அகராதியை எடுக்கக் கையை நீட்டிவிட்டார். ஐயாத்துரை புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டார்.

"இது வீட்டுக்குக் குடுக்கிற புஸ்தகம் இல்ல தம்பி" என்றார். "இங்கயே உக்காந்து பாத்துக்கங்க."

இனாயத்துல்லா கேனைக் கீழே வைத்துவிட்டு, ஸ்டாண்டின் மண்தரையிலேயே உட்கார்ந்தார்.